தியோமான் கடலிலிருந்து குளுவாங் வரை: மூன்று பேருக்கு மூன்று விதத் தடிப்பு

வெள்ளி: மெர்சிங், காஹாங், குளுவாங்

மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள தியோமான் தீவில் டைவிங் (காற்றுக் குடுவையோடு கடலுக்குள் முக்குளிப்பது) முடித்து, காலைப் படகில் கிளம்பினோம். மெர்சிங் ஆற்றுமுகத்தில் தண்ணீர் ஏறினால்தான் படகு உள்ளே வர முடியும், அதனால் புறப்படும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. கரையேறிப் பைகளைக் காரில் திணித்து, ஜெமாலுவாங் வழியாக 50-ஆம் எண் சாலையைப் பிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழி நெடுக இரண்டு பக்கமும் செம்பனைதான். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் திரும்பும் காஹாங்கில் நிறுத்தி ஆளுக்கொரு தட்டு சோறு சாப்பிட்டோம்.

காரில் நான், என் தம்பி, கூடப் படித்த தோழி, வண்டி ஓட்டும் பெரியப்பா மகன் அண்ணன். காஹாங் தாண்டுவதற்குள் என்னைத் தவிர மற்ற மூவரும் சொறிய ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே படகில் போய் ஒரே இடத்தில் இறங்கியவர்கள். ஆனால் மூவருக்கும் வந்தது ஒன்றல்ல. நான் பினாங்கில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். டைவிங் போய் வந்து “ஏதோ அலர்ஜி, ஒரு கிரீம் கொடுங்க” என்று கையை நீட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உடம்பில் எங்கே வந்தது, தண்ணீரை விட்டு ஏறி எவ்வளவு நேரத்தில் வந்தது, எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தடவக் கூடாது. இந்தப் பயணத்தில் அது கண்ணெதிரே நிற்பதால் அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

குளுவாங்கில் அத்தை வீடு. திங்கட்கிழமை செனாயிலிருந்து பினாங்குக்கு விமானம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அதைவிட நிறையவே நேரம் இருக்கிறது. டைவ் முடித்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போகிறவர்களும் உண்டு. அது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை மலைச் சாலைக்கும் பொருந்தும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்பியின் கையை அத்தை பார்த்துவிட்டார்.

“என்னா ஐயா இது, சூடு போட்ட மாதிரி இருக்கு? தீவுல மீன் ஒத்துக்கலையா?”

மீனைச் சந்தேகிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம், கழுத்து, மார்பெல்லாம் சிவந்து சூடேறும், தலைவலிக்கும். ஆனால் தம்பிக்கு வந்திருப்பது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாக. அதுவும் தண்ணீருக்குள் இருக்கும்போதே எரிந்திருக்கிறது. ரெங்கிஸ் தீவுப் பாறையோரம் நீரோட்டம் தள்ளியபோது கை எதிலோ உரசியது என்கிறான். கடுகு நிறத்தில், நுனி மட்டும் வெளுத்து இருந்ததாம்.

அது நெருப்புப் பவளம். பவளம் என்று பெயர் இருந்தாலும் உண்மையான பவள இனம் இல்லை, சொறிமுட்டைக்குத்தான் (ஜெல்லி மீன்) நெருங்கிய உறவு. மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த நஞ்சு ஊசி. தொட்டவுடன் சில வெடிக்கும், வெடிக்காத மிச்சம் தோலில் ஒட்டிக்கொண்டு வரும். கம்பளிப்பூச்சி மயிர் ஒட்டினால் தேய்க்காதே என்று தோட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்களே, அதே காரணம்தான் இங்கேயும். தேய்த்தால் மிச்சமும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் வெடிக்கலாம். கடல் தண்ணீரால்தான் அலச வேண்டும், பிறகு வினிகர். தீவில் டைவ் மாஸ்டர் அதைத்தான் செய்தார். இன்று அரிப்பு மட்டும் மிச்சம். ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் இரவில் ஓர் அரிப்பு மாத்திரையும் போதும்.

அத்தை எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். இது பலருக்குத் தெரியவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை, அதைப் பிழிந்து எங்களுக்குத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார்.

சனி: கோப்பியும் கித்தாக்காடும்

குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக்கடை 1938-இலிருந்து இருக்கிறது. கரியில் வாட்டிய பன், உள்ளே வெண்ணெயும் காயா ஜாமும், கெட்டிக் கோப்பி. பசியாறிக்கொண்டே தோழி தன் பிரச்சினையைச் சொன்னாள். இரவெல்லாம் தூங்கவில்லை. அவளுக்குத் தோள்பட்டை, இடுப்பு, மார்பைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள். அதாவது நீச்சலுடையின் பட்டை இறுகும் இடங்களில் மட்டும். திறந்திருந்த கை கால்களில் ஒன்றுமில்லை.

துணி மறைத்த இடத்தில் மட்டும் வருகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது சொறிமுட்டை, கடல் அனிமனி (கடற்சாமந்தி) இவற்றின் குஞ்சுகளை. அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். துணி வழியாக உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், கரையேறித் துணி இறுகும்போது கொட்டும். உடையோடேயே ஷவருக்கு அடியில் நின்றால் நல்ல தண்ணீர் பட்டு இன்னும் கொட்டும். முதலில் உடையைக் கழற்ற வேண்டும், பிறகுதான் குளியல். தோழி அடுத்த நாளும் அதே உடையைத்தான் போட்டிருக்கிறாள். காய்ந்த துணியில்கூட அந்தக் கொட்டும் செல்கள் உயிரோடு இருந்த காலத்தைப் போலவே வேலை செய்யும். சோப்புத் தூள் போட்டு வெந்நீரில் துவைத்து, சூட்டில் காய வைத்தால்தான் அந்த உடை பாதுகாப்பு. தடிப்பு இரண்டு வாரம் வரை இருக்கலாம். சிலருக்கு, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, காய்ச்சலும் குமட்டலும் வரும்.

இதே இடங்களில் ஆனால் மயிர்க்கால்களைச் சுற்றிச் சீழ் வைத்த பருக்களாக வந்தால் விஷயம் வேறு. சரியாக அலசாமல், காயாமல் அடுத்தவருக்கு வாடகைக்குப் போகும் வெட்சூட்டில் (உடம்போடு ஒட்டும் தடித்த டைவ் உடை) சூடோமோனாஸ் கிருமி வளரும். வாடகை உடை வாடை அடித்தால் வேறு கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வெயில் ஏறுவதற்குள் அத்தை தான் வேலை செய்த தோட்டத்தைக் காட்டக் கூட்டிப் போனார். லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. கோயிலும் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியும் மட்டும் நிற்கின்றன. கொஞ்சம் உள்ளே போனால் யாரோ சிறு தோட்டக்காரர் வைத்திருக்கும் கித்தா, அதாவது ரப்பர், மரங்கள் வரிசையாக. அத்தை ஒரு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்து, வெட்டு சரியில்லை, மரம் காயப்பட்டிருக்கிறது என்றார். அவர் விரல்களைப் பார்த்தேன். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் நுனியில் வெடிப்பு ஆறவில்லை. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், உறையாமல் வைக்கும் அம்மோனியா, கையுறை இல்லாத கைகள். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் காட்டினால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வாராம். அந்தக் காலத்துப் பெண்களின் தோலுக்கு யாரும் பெயர் வைத்து மருந்து எழுதவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது.

அங்கே நிற்கும்போதுதான் அண்ணன் தன் கழுத்தைக் காட்டினார். கழுத்து, இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால். வெட்சூட்டின் விளிம்பு படும் இடத்தில் மட்டும் வளையம் போட்ட மாதிரி. கடைசி டைவ் முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் அரிப்பே தொடங்கியது, இப்போது நீர் கோத்துக் கசிகிறது.

“ரப்பர் உடுப்பு போட்டீங்கல்ல, நம்ம பால்தான் ஒத்துக்கலை” என்றார் அத்தை.

அந்த உடையில் இருப்பது அத்தை வெட்டிய பால் இல்லை. வெட்சூட் நியோபிரீனால் ஆனது. 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உண்டாக்கிய செயற்கை ரப்பர் அது, மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரப்பாலில் ஒவ்வாமை தருவது அதிலுள்ள புரதம். கையுறை போட்ட சில நிமிடத்தில் தடித்து, மோசமானால் மூச்சையும் அடைக்கும் வகை. நியோபிரீனில் தொல்லை தருவது அதை உறுதியாக்கவும் ஒட்டவும் சேர்க்கும் தையோயூரியா போன்ற ரசாயனங்கள். ஒருநாள் இரண்டுநாள் கழித்து மெதுவாக வரும், அடுத்த முறை அதே உடை போட்டால் இன்னும் வேகமாக வரும். அண்ணனுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் பத்தாது, தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்து எந்த ரசாயனம் என்று கண்டுபிடிப்பதுதான் சரி. அதுவரை உள்ளே ஒரு மெல்லிய லைக்ரா உடை போட்டுக்கொள்ளலாம். அத்தைக்கு இதைக் கேட்டு ஒரு நிம்மதி. தன் மரத்தின் மேல் பழி இல்லை.

சனி, நள்ளிரவு தாண்டி

தூங்கப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து அத்தையைக் கூப்பிட்டார். அவருடைய மகன் கிழக்குக் கரைத் தீவு ஒன்றில் டைவ் கடையில் உதவியாளன். விடுமுறைக்குச் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். வயிற்றில் தடிப்பு, உடம்பு அசதி. ஊரில் ஒரு கிளினிக்கில் அலர்ஜி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மை பார்த்திருக்குமோ என்று அக்கா வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் மீன் சமைப்பதையும் நிறுத்திவிட்டார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது இயல்பு, மரியாதையான வழக்கம். வேப்பிலை பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தடிப்பை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அம்மை என்றால் நீர் கோத்த கொப்புளங்கள், வேறு வேறு வயதில், முகத்திலும் முதுகிலுமாக இருக்கும். இவனுக்கு ஒரு கொப்புளமும் இல்லை. தொப்புளைச் சுற்றியும் விலாவிலும் தொடையின் மேல்பகுதியிலும் ஊதாவும் சிவப்புமாக வலை விரித்த மாதிரி. பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள் போல என்று மருத்துவப் புத்தகங்கள் இதை வர்ணிக்கின்றன. தொட்டால் வலிக்கிறது. வலது தோளும் வலிக்கிறது, மூட்டை தூக்கியதால் என்று நினைத்திருக்கிறான். எப்போது கடைசியாகத் தண்ணீரில் இறங்கினாய் தம்பி என்று கேட்டேன். காலையில், ஆழத்தில், நங்கூரக் கயிறு சரி செய்ய, ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறை. கரையேறிக் கொஞ்ச நேரத்தில் வயிறு அரித்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் நிறம் மாறிவிட்டது.

இது தோல் நோயே இல்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது நாம் மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வரும்போது அது மெல்ல வெளியேற வேண்டும். அவசரமாக மேலே வந்தாலோ, அளவுக்கு மேல் கரைந்திருந்தாலோ உடம்புக்குள்ளேயே குமிழாகும். அந்தக் குமிழ்களின் வேலைதான் இந்த வலை. ஒரு காலத்தில் இதை லேசான வகை என்று ஒதுக்கினார்கள். இப்போது அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பளிங்குத் தோல் வந்தவர்களில் பலருக்கு மூளை, தண்டுவடத் தொல்லையும் சேர்ந்தே வருகிறது. பலருக்கு இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாமல் விட்ட சிறு துளையும் இருக்கிறது. நான்கில் ஒருவருக்கு இருக்கக்கூடிய துளைதான் அது. சாதாரண வாழ்க்கையில் தெரியவே தெரியாது, டைவ் செய்கிறவருக்கு மட்டும் குமிழ்கள் அந்த வழியாக உடம்பெங்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகளுக்குத் தாண்டிப் போகலாம்.

அக்காவிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. “அக்கா, இது காத்திருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன். டைவர்களுக்கான டான் அமைப்பின் அவசர எண்ணை அண்ணன் தன் போனில் வைத்திருந்தார். கூப்பிட்டோம். அவர்கள் சொன்னபடி அவனைப் படுக்க வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனோம். முதல் வாசகமாக “டைவ் செய்தவன், டிகம்ப்ரஷன் நோய் என்று சந்தேகம், நூறு சதவீத ஆக்சிஜன் வேண்டும்” என்றோம். தடிப்பு என்று தொடங்கியிருந்தால் வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். முகமூடி மாட்டிய பிறகு, உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை டாக்டர்களே பார்த்துக்கொண்டார்கள். தாயும் மகனும் ஆம்புலன்சில் ஏறியதும் நாங்கள் திரும்பினோம்.

ஞாயிறு: மாமாவின் வயல் கதை

காலையில் எல்லோரும் தாமதமாகத்தான் எழுந்தோம். மதியம் அக்காவிடமிருந்து போன். அறைக்குள் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்கள். இந்த முதல் சிகிச்சையே ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வெளியே வந்தபோது தோள் வலி இல்லை, வயிற்று வலை வெளுத்துவிட்டது. இன்னும் சில முறை உள்ளே போக வேண்டுமாம், பிறகு இதயத்தைச் சோதிப்பார்கள். அதன் முடிவு தெரியாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை போய்விடுமே என்று பையன் கவலைப்படுகிறானாம். அந்தக் கவலைதான் முதல் நாள் அவனை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. டைவ் கடை முதலாளிகள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பையன்கள் “அரிக்குது” என்று சொன்னால் சம்பளம் வெட்டாமல் கேளுங்கள்.

சாயங்காலம் மாமா வாசலில் உட்கார்ந்து, தான் சிறுவனாக இருந்தபோது கெடாவில் வயலில் இறங்கினால் கால் அரித்த கதையைச் சொன்னார். கடலுக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் சொன்னார், ஆனால் உண்டு. வயல் அரிப்பை ஆராய்ந்து, மாட்டின் உடம்பில் வாழும் ஓர் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சுகள், நத்தையிலிருந்து வெளிவந்து மனிதத் தோலில் தவறுதலாக நுழைவதுதான் காரணம் என்று 1938-இலேயே மலாயாவில் எழுதியிருக்கிறார்கள். மனித உடம்பில் அவற்றால் வாழ முடியாது, தோலிலேயே செத்துவிடும். அரிப்பு மட்டும் மிஞ்சும். பறவைகளின் புழுக்களும் ஏரிகளில் இதையே செய்யும். இது வருவது தண்ணீரில் நனைந்த திறந்த தோலில், தோழிக்கு வந்ததற்கு நேர் எதிர். டைவ் பயணத்துக்கு நடுவே ஆற்றிலோ குட்டையிலோ குளித்தவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திங்கள்: செனாய்க்குக் கிளம்பும் முன்

வேறு கடல் தடிப்புகளைப் பற்றியும் கேட்டு எழுதியவர்களுக்காகச் சில விடுபட்டவை. கயிற்றைப் பிடித்து இறங்குகிறவர்களுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வரும் சிறு தடிப்பு பெரும்பாலும் ஹைட்ராய்டு. இறகு போல, பெரணிச் செடி போல அழகாகக் கயிற்றில் முளைத்திருக்கும், அது விலங்கு. மாஸ்க் அழுத்தி முகத்தில் ரத்தப் புள்ளிகளும் கண் சிவப்பும் வந்தால் பார்க்கப் பயமாக இருக்கும், பார்வை சரியாக இருந்தால் தானே ஆறும். சவுக்கடி போல நீளத் தழும்பும் தாங்க முடியாத வலியும் வந்தால் பெட்டி வகைச் சொறிமுட்டையாக இருக்கலாம். நம் கடலில் அது உண்டு, ஆளைக் கொல்லும். வினிகரை தாராளமாக ஊற்றி உடனே உதவி கூப்பிட வேண்டும். பவளம் கிழித்த காயம் மறுநாள் வேகமாகச் சிவந்து பரவி, காய்ச்சலும் கொப்புளமும் வந்தால் அது விப்ரியோ கிருமியாக இருக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது சில மணி நேரத்திலேயே ஆபத்து. அப்புறம், ஆறிவிட்டது என்று நினைத்த காயத்தில் வாரக்கணக்கில் கழித்து ஒரு கட்டி எழும்பினால் டாக்டரிடம் கடலுக்குப் போனதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி அவருக்கு நினைவுக்கு வராது.

தோழிக்கு அரிப்பு அடங்கிவிட்டது. அண்ணனுக்குப் பினாங்கில் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. வெட்சூட்டில் தைத்திருந்த சீட்டையும் ஒட்டுப் பசையின் பெயரையும் படம் எடுத்து வைத்திருக்கிறார், பரிசோதனைக்கு உதவும். தம்பியின் கோடுகள் மங்கிவிட்டன. ஒரு வாரம் பத்து நாள் கழித்து அதே இடம் திடீரென்று மறுபடி தடிக்கலாம் என்று அவனிடம் இப்போதே சொல்லி வைத்தேன். நெருப்புப் பவளத்துக்கு அந்தக் குணம் உண்டு. கடலுக்கே போகாமல் வந்தாலும் பயப்பட வேண்டாம், அதே களிம்புதான். களிம்புக்கு அடங்காமல் பரவினால் மட்டும் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.